கைக்குள் அடங்கிய ஆர்கன்

(வானொலியில் ஒலித்த மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில், சக்ரீஸ்து அறையின் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். மேலே பழைய திரைச்சீலை போர்த்தியிருக்கும். அதன்மேல் மெழுகுதிரிக் கட்டும், போன வருடத்துக் குருத்தோலையும் கிடக்கும். திரையை விலக்கினால் ஆர்மோனியம். துருத்தியின் தோல் வெடித்திருக்கும். இரண்டு மூன்று கட்டைகள் அமுங்கினால் எழும்பாது. ஒரு காலத்தில் உபதேசியார் அதைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் செபமாலைக்குப் போயிருப்பார். இன்று கீபோர்டு வந்துவிட்டது. "சாமி, இந்தப் பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். "போடக் கூடாது, கீபோர்டுதான் கோயிலுக்கு ஆகாது" என்று இன்னொருவர் சொல்கிறார்.

இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் முன், அந்தப் பெட்டியின் குடும்ப வரலாற்றைக் கொஞ்சம் கேட்போம். அது இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய நீண்ட கதை. கதை நெடுகிலும் ஒரே கேள்விதான் வருகிறது: இந்தப் பெட்டியை உள்ளே விடலாமா, வெளியே நிறுத்தலாமா?

குழல் ஆர்கனின் தொடக்கம் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த தெசிபியுஸ் என்ற பொறியாளர், தண்ணீரின் எடையால் காற்றை ஒரே சீராக அழுத்தி, வரிசையாக நிறுத்திய குழல்களுக்குள் செலுத்தினார். புல்லாங்குழல் ஊதுகிறவருக்கு மூச்சு வாங்கும். இந்தக் கருவிக்கு மூச்சு வாங்காது. அதுதான் அதன் புதுமை. உரோமையர் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். எங்கே வாசித்தார்கள் தெரியுமா? விளையாட்டு அரங்கில், மனிதனும் மனிதனும் வாளெடுத்து மோதிய இடத்தில். ஆதித் திருச்சபை அந்தக் கருவியை ஏற்காததில் வியப்பில்லை. ஆர்கன் அன்று கோயிலுக்கு ஆகாத பொருள்.

ஆனாலும் எல்லா ஆர்கனும் அரங்கத்துக்குப் போகவில்லை. இன்றைய அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில், அக்குயின்கும் என்ற பழைய உரோமைக் குடியிருப்பைத் தோண்டியபோது, 1931இல் ஒரு சின்ன ஆர்கனின் உலோகப் பாகங்கள் கிடைத்தன. நான்கு வரிசைகள், வரிசைக்கு 13 குழல்கள், ஆக 52. கூடவே ஒரு வெண்கலத் தகடு. கி.பி. 228இல் கையூஸ் யூலியுஸ் வியத்தோரினுஸ் என்பவர் தம் சொந்தச் செலவில் அதைத் தாம் தலைமை தாங்கிய சங்கத்துக்குக் கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. எந்தச் சங்கம்? துணித் தொழிலாளர்களின் சங்கம்! ஊரில் தீப்பிடித்தால் ஈரத் துணியும் வாளியுமாக ஓடி அணைக்கும் வேலையும் அவர்களுடையதே. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தி இனிக்கும். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆர்கன்களுள் ஒன்றான இது எந்த அரசன் வீட்டிலும் இருந்ததில்லை. துணியோடு பிழைத்தவர்களின் கூட்ட மண்டபத்தில் இருந்தது.

கோயிலுக்குள் ஆர்கன் நுழைய இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. 757இல் கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசர் ஐந்தாம் கொன்ஸ்தாந்தீன், பிராங்கியரின் மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதுவும் அரண்மனைப் பரிசுதான். அதன் பிறகே மெல்ல மெல்லத் துறவு மடங்கள் அதை ஏற்றன. ஆயிரம் ஆண்டுகள் வாசலில் நின்ற கருவி, பின்னாளில் மேலைத் திருச்சபையின் முதன்மைக் கருவியாயிற்று.

பேராலயத்தில் ஏறிய பிறகு ஆர்கன் வளர்ந்தது. எவ்வளவு வளர்ந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. குழல் நீள நீள ஓசை தணியும். நீளம் இரண்டு மடங்கானால் ஓசை ஒரு முழு ஸ்தாயி இறங்கும். ஆர்கனில் வழக்கமான அடிச் சுரத்துக்கு எட்டடிக் குழல் வேண்டும். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமானால் பதினாறு அடி. இதை எந்த வீட்டில் வைப்பது? சின்ன ஆர்கன் செய்தவர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். குழலின் மேல்வாயை அடைத்துவிட்டால், நாலடிக் குழலே எட்டடிக் குழலின் ஓசையைத் தரும். சிறுவயதில் பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதியவர்களுக்கு இது புரியும். ஒரு முனை அடைபட்ட அந்தச் சின்ன மூடிக்குள்ளும் நடப்பது இதே விந்தைதான். இப்படிப் பிறந்தவைதான் அலமாரி அளவு ஆர்கன்கள். மடியில் வைத்து, ஒரு கையால் துருத்தியை அமுக்கி, மறு கையால் வாசிக்கும் குட்டி ஆர்கனும் இடைக்கால ஐரோப்பாவில் இருந்தது. புனித செசிலியாவின் ஓவியங்களில் அவர் கையில் நாம் காண்பது பெரும்பாலும் அதைத்தான். ஒரு கை காற்றுக்கு, ஒரு கை பாட்டுக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

நம் நாட்டுக்கு ஆர்கன் எப்போது வந்தது? அக்பர் காலத்து வரலாற்றாசிரியர் பதாவுனி ஒரு காட்சியை எழுதிவைத்திருக்கிறார். 1580ஐ ஒட்டிய ஆண்டு. ஹாஜி ஹபீபுல்லா கொண்டுவந்த ஓர் ஆர்கன் மக்களுக்குக் காட்டப்பட்டது. ஓர் ஆள் அளவு பெரிய பெட்டி. உள்ளே ஓர் ஐரோப்பியர் உட்கார்ந்து வாசிக்கிறார். வெளியே இருவர் வேலை செய்ய, வகைவகையான ஓசைகள் வருகின்றன. பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். பதாவுனி புதுமைகளை எளிதில் மெச்சுகிறவர் அல்லர். ஆனாலும் படைப்பின் அதிசயங்களுள் ஒன்றாக அதை வைக்கிறார்.

தெற்கே இன்னொரு விந்தையான ஆர்கன் இருந்தது. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வைத்திருந்த மரப்புலி. ஏறத்தாழ ஆறடி நீளம். கீழே மல்லாந்து கிடக்கும் ஓர் ஐரோப்பியச் சிப்பாயின் கழுத்தைப் புலி கவ்வுகிறது. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், மனிதன் அலறுவான். பலருக்குத் தெரியாத செய்தி இது: புலியின் விலாவில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே 18 கட்டைகளும் குழல்களும் கொண்ட ஒரு சின்ன ஆர்கன்! 1799இல் கோட்டை விழுந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியார் அதை எடுத்துச் சென்றார்கள். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கருவி ஒரு கையில் செபமாகிறது, இன்னொரு கையில் வஞ்சினமாகிறது. காற்றும் குழலும் ஒன்றுதான்.

சென்னையில் புனித ஜார்ஜ் பேராலயம், எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம் போன்ற இடங்களில் பெரிய குழல் ஆர்கன்கள் வந்தன. நம்மைப் போன்ற ஊர்களுக்கு அவை வரவில்லை. விலை ஒரு காரணம். வெயில் இன்னொரு காரணம். தோல் காய்ந்து வெடிக்கும், மரம் வீங்கிச் சுருங்கும், கறையான் ஏறும், வெப்பம் மாற மாறச் சுருதி விலகும். பழுது பார்க்க ஆள் கிடையாது.

இதே சிக்கலைப் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு குரு வேறு விதமாக எதிர்கொண்டார். மணிலா என்றாலே நம்மில் பலருக்கு வேரித்தாஸ் வானொலிதான் நினைவுக்கு வரும். அந்த மணிலாவை ஒட்டிய லாஸ் பினாஸ் என்ற ஊரின் பங்குத்தந்தை தியெகோ செரா, 1816இல் மூங்கிலால் ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். உலோகம் வாங்கப் பணமில்லாத ஏழைப் பங்கு. மூங்கில் மட்டும் வேண்டிய அளவு விளைந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார் என்பார்கள். 1824இல் வேலை முடிந்தது. மொத்தம் 1031 குழல்கள். அவற்றுள் 902 மூங்கில். நிலநடுக்கத்திலும் புயலிலும் அடிபட்டு, 1973இல் ஜெர்மனிக்குப் போய்ச் செப்பமாகி, 1975இல் ஊர் திரும்பி, இன்றும் ஒலிக்கிறது. மண்ணில் விளைந்ததைக்கொண்டு மண்ணுக்கேற்ற கருவி!

நம் நாட்டில் விடை வேறு வழியில் வந்தது. அதற்கும் ஒரு குருவின் கை இருக்கிறது. சீனாவில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைக் குரு அமியோ, 1770களில் அந்நாட்டு 'ஷெங்' என்ற வாத்தியத்தைப் பாரீசுக்கு அனுப்பினார். அதன் ஓசை பிறப்பது மெல்லிய உலோக நாக்கில். காற்றுப் பட்டதும் நாக்கு தன் சட்டத்துக்குள் முன்னும் பின்னும் ஆடும். சுரத்தை முடிவு செய்வது அந்த நாக்கின் நீளமும் கனமும்தான். அப்படியானால் எட்டடிக் குழல் எதற்கு? விரல் நீள நாக்கு போதுமே! ஐரோப்பியர் பலர் இந்த வழியில் முயன்றார்கள். 1842இல் பாரீசில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் ஒரு பெட்டிக்குக் காப்புரிமை பெற்று, 'ஆர்மோனியம்' என்று பெயரிட்டார். குழல்கள் இல்லாத ஆர்கன். வீட்டிலும் சிற்றாலயத்திலும் அடங்கியது. மறைபரப்பாளர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் அது காலால் மிதிக்கும் கருவி, நாற்காலி வேண்டும். நாமோ தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில், கல்கத்தாவில் துவார்க்கின் என்ற இசைக்கருவிக் கடையை நடத்திய துவாரகாநாத் கோஷ் அதை மாற்றி அமைத்தார். மிதியை எடுத்தார், துருத்தியைப் பெட்டியின் முதுகில் பொருத்தினார். நம் இசையில் பல சுரங்களை ஒன்றாக அடுக்க வேண்டியதில்லை; ஒரு கை வாசித்தால் போதும். மறு கை சும்மாதானே இருக்கிறது? அது காற்றைக் கொடுக்கட்டும். ஒரு கை காற்றுக்கு, ஒரு கை பாட்டுக்கு. புனித செசிலியாவின் மடி ஆர்கன், பல நூற்றாண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் வேறு உருவில் திரும்பப் பிறந்தது!

தமிழ்நாட்டில் ஆர்மோனியத்துக்கு முதல் இடம் கொடுத்தது நாடகக் கொட்டகை. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசை வரை நடிகரின் பாட்டு எட்ட வேண்டுமானால், கூடவே ஓர் உரத்த துணை வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஊரூராகப் போனபோது ஆர்மோனியமும் போயிற்று. நம் பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பாவின் குரல் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டது. அவர் பாடும்போது ஆர்மோனியத்தில் கூடவே ஓடியவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். கோயில் கொடைகளிலும் பஜனை மடங்களிலும் நம் சப்பரப் பவனிகளிலும் ஆர்மோனியம் சாதி, சமயம் பாராமல் உட்கார்ந்தது.

அப்போதுதான் எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். அவர்கள் சொன்னது வெறும் வீம்பும் அல்ல. நம் இசையின் உயிர் கமகம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் நெளிவு. ஆர்மோனியத்தில் வழுக்க முடியாது. ஒவ்வொரு கட்டையும் ஒரு படிக்கட்டு. போதாததற்கு அதன் பன்னிரண்டு சுரங்களும் மேல்நாட்டு முறையில் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. பாடுகிறவரின் காது அதற்கு அடிமையாகிவிடும் என்றார்கள். தில்லி வானொலியில் மேலை இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர், 1938இல் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1940 ஜனவரியில் கவி தாகூர், தம் ஆசிரமத்தில் அதை விலக்கியிருப்பதைச் சொல்லி, வானொலியும் விலக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. நாடு விடுதலை பெற்றும் தடை நீங்கவில்லை.

இங்கே நம் மாவட்டத்து மகன் ஒருவரை நினைக்க வேண்டும். சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். தஞ்சாவூரில் வைத்தியராக வாழ்ந்து, சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்று பலரும் சொன்னபோது, பழந்தமிழ் இசை மரபின்படி அவை சம அளவான 24 என்று வாதாடியவர் அவர். அவர் சொன்னது சரியா, தவறா என்று இசை வல்லுநர்கள் இன்னும் பேசுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு: சுரங்களைச் சமமாகப் பகுப்பது அன்னியரின் திணிப்பு என்று எல்லாரும் எண்ணவில்லை. நம்மவர்களுக்குள்ளேயே அது ஒரு திறந்த கேள்வி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. "உங்களுக்கு என்ன சுருதி?" என்று எந்தச் சங்கீத வித்துவானைக் கேட்டாலும், "ஒரு கட்டை", "நாலு கட்டை", "ஐந்தரைக் கட்டை" என்பார். அது எந்தக் கட்டை? ஆர்மோனியத்தின் கட்டைதான்! வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணுகிற கணக்கு. கருப்புக் கட்டை வந்தால் அரை. மேடையில் இடம் கொடுக்காதவர்களும் தங்கள் குரலை அளப்பதற்கு அதன் படியைத்தான் கையில் வைத்திருந்தார்கள். கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து ஒருவர் அமுக்கிக்கொண்டிருந்த சுருதிப் பெட்டியும் அதே குடும்பத்துப் பிள்ளை. முன்வாசலில் தடுத்தார்கள், பின்வாசல் வழியே அது வீட்டு ஆளாகிவிட்டது.

திருச்சபையும் இப்படிக் கதவை மூடியும் திறந்தும் இருக்கிறது. 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆலயத்தில் பியானோவையும் ஆரவாரக் கருவிகளையும் விலக்கி ஆணையிட்டார். நாடகக் கொட்டகைப் பாணி வழிபாட்டுக்குள் நுழைகிறதே என்ற கவலை அவருக்கு. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. குழல் ஆர்கனின் மேன்மையை அது மறக்கவில்லை. ஆனால் மற்றக் கருவிகளும் வழிபாட்டுக்குத் தகுந்தவையாக, ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாக, மக்களின் பக்தியை வளர்ப்பவையாக இருந்தால் ஏற்கலாம் என்றது. அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கவும் சொன்னது. அதே 1963இல் நம் திருநெல்வேலி வானொலி நிலையமும் தொடங்கியது. அப்போதும் ஆர்மோனியத்துக்கு விதித்த தடை நீங்கியிருக்கவில்லை. கோயில் கதவு திறந்த ஆண்டில் வானொலிக் கதவு மூடியே இருந்தது! 1971இல்தான் அது திறக்கத் தொடங்கியது.

அன்பானவர்களே, இப்போது நம் சக்ரீஸ்து அறைக்குத் திரும்புவோம்.

இந்த வரலாற்றைக் கேட்டபின், "கீபோர்டு கோயிலுக்கு ஆகாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை. உரோமையில் ஆர்கனுக்கும் இதையே சொன்னார்கள். வானொலியில் ஆர்மோனியத்துக்கும் சொன்னார்கள். எந்தக் கருவியும் பிறப்பிலேயே புனிதமுமல்ல, தீட்டுமல்ல. ஆனால் எதிர்த்தவர்களின் கேள்வியை மட்டும் நான் தூக்கி எறிய மாட்டேன். அவர்கள் கேட்டது இதுதான்: இந்தப் பெட்டி மனிதனின் குரலுக்கு உதவுகிறதா, அல்லது குரலை விழுங்குகிறதா?

இந்தக் கேள்வியை இன்று கீபோர்டிடம் கேட்போம். பித்தானை அமுக்கினால் தாளம் தானாக ஓடுகிறது. பதிவு செய்த பாட்டும் ஓடுகிறது. பாடகற்குழுவுக்கு மைக் இருக்கிறது. மக்களுக்கு என்ன இருக்கிறது? பல ஊர்களில் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார்கள். பாடிக்கொண்டிருந்த சபை, கேட்டுக்கொண்டிருக்கும் சபையாகிவிட்டது. இது கீபோர்டின் பிழை அல்ல. அதை அமைதியாக, மக்களின் மூச்சுக்கு இடம் விட்டு வாசிக்கிற பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள்.

பழைய ஆர்மோனியத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. கை நின்றால் அதுவும் நின்றுவிடும். பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் துருத்திக் கையும் தாழும். மண்ணால் செய்த மனிதனின் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் சொல்கிறது. அதைக் குழந்தைகளுக்கு விளக்க, மறைக்கல்வி வகுப்பில் ஆர்மோனியத்தைத் திறந்து காட்டினாலே போதும். மரமும் பித்தளையும் தோலும். காற்று வரும்வரை எல்லாம் ஊமை.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்கிறேன். பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். துருத்தித் தோலை மாற்றுங்கள். எழும்பாத கட்டைகளைச் சரி செய்யுங்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஞாயிறு பெரிய திருப்பலிக்குக் கீபோர்டு இருக்கட்டும். அன்பியக் கூட்டத்துக்கு, தெருச் செபமாலைக்கு, இறந்த வீட்டுக்கு ஆர்மோனியம் போகட்டும். இழவு வீட்டில் மின்சாரம் தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கே துருத்தியை அமுக்கும் ஒரு கையும், கூடச் சேர்ந்து பாடும் பத்துக் குரலும் இருந்தால் போதும்.

பங்கில் பாட்டி ஒருவர் பழைய பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருப்பார். சிறுமி ஒருத்திக்குக் கட்டை அமுக்க ஆசை இருக்கும். இருவரையும் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வையுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் உங்கள் குரல்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.